இடம் மாறிய இரண்டு எண்கள்

போன வாரம் என் மகளின் ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்து ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு கல்யாண வீட்டுக்குப் போனேன். வண்டியின் முன்னால் ஒரு பிடியில் அவளுடைய போனை மாட்டியிருந்தாள். மெயின் ரோட்டை விட்டு இறங்கியதும் அந்தப் போன் சுத்தமான தமிழில், "நூறு மீட்டரில் இடதுபுறம் திரும்பவும்" என்றது. திரும்பினோம். கண்மாய்க் கரை வந்தது. கரையை ஒட்டிப் போகும் பாதை திரையிலும் வளைந்து வளைந்து தெரிந்தது. மகளின் தோளைத் தட்டி வண்டியை நிறுத்தச் சொன்னேன்.

"என்னம்மா, தலை சுத்துதா?"

"இல்ல. ஒரு நிமிஷம் நில்லு."

இந்தப் பாதை ஒரு திரையில் தெரிய வேண்டும் என்று நீயும் நானும் பட்ட பாட்டை அவளுக்கு எப்படிச் சொல்வது? சொன்னால் உன்னிடமிருந்துதான் தொடங்க வேண்டும். கல்யாண வீட்டில் சாப்பிடும்போதும் அதே நினைப்பு. வீட்டுக்கு வந்ததும் உனக்கே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

சாத்தூர் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பிலிருந்து நாம் ஒரே பெஞ்சு. என் அத்தாவுக்கு பஜாரில் சாக்கு வியாபாரம். உன் அம்மாவும் அப்பாவும் தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கப் போனார்கள். அதற்கு முன்னால் ஊரார் காட்டில் கூலி வேலை பார்த்தவர்கள். நீ நர்சிங் முடித்து சிவகாசியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் தீக்காய வார்டில் சேர்ந்தாய். நான் கல்யாணத்துக்குப் பிறகு என் வீட்டுக்காரரோடு சேர்ந்து சாத்தூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் டைப்பிங், ஜெராக்ஸ் கடை போட்டேன். வேலை முடிந்து ஊர் திரும்பும்போதெல்லாம் என் கடையில் ஒரு டீ குடிக்காமல் நீ போனதில்லை.

அப்படி ஒரு நாள் டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே உட்கார்ந்திருந்தாய். என்னவென்று கேட்டேன். வார்டிலிருந்து வீட்டுக்குப் போகிறவர்கள் ஒன்றுவிட்டு ஒரு நாள் கட்டு மாற்ற வர வேண்டும். ஆறாத புண்ணோடு பஸ்ஸிலும் வேனிலும் இடிபட்டு வர முடியாமல் பாதிப் பேர் நின்றுவிடுகிறார்கள். நின்றவர்களுக்கு விரல்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்கின்றன. கழுத்துத் தோல் சுருங்கி முகத்தைக் கீழே இழுக்கிறது. அன்றைக்கு ஒரு பெண் ஆறு மாதம் கழித்து வந்திருந்தாளாம், ஒரு கை முழுக்க ஒரே சதையாக. "நாங்க காப்பாத்துன கைதான் நூரு அது" என்றாய்.

மறுநாள் பெரிய டாக்டரிடம் போய் நின்றாய். "அவுக வர முடியலைன்னா நான் போறேன் சார்."

"பஸ் போகாத ஊரெல்லாம் இருக்கேம்மா. எப்படிப் போவ?"

"பைக் ஓட்டுவேன் சார்."

அன்றைக்கு உனக்குப் பைக் ஓட்டத் தெரியாது. அந்த ஞாயிற்றுக்கிழமை உன் அண்ணனின் வண்டியைப் பள்ளிக்கூட மைதானத்துக்குத் தள்ளிக்கொண்டு போய் இரண்டு தடவை விழுந்தாய். பத்தாவது நாள் சுடிதாருக்கு மேலே அண்ணனின் முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு என் கடை வாசலில் வந்து இறங்கினாய். பஜாரே நின்று பார்த்தது. மொபெட் போதாதா என்று கேட்டேன். "கரிசல்ல ஒரு மழை பெஞ்சா மொபெட் சக்கரம் உருளாது புள்ள" என்றாய்.

அந்தச் சமயத்தில்தான் என் தம்பி துபாயிலிருந்து லீவில் வந்தான். கம்பெனி ஆட்களோடு பாலைவனத்துக்குப் போகும்போது வழி பார்க்க வாங்கிய ஒரு மஞ்சள் நிற மெஷினை என் வீட்டில் போட்டுவிட்டுப் போனான். உள்ளங்கை அளவு. உள்ளே இரண்டு பேட்டரி. வானத்தில் சுற்றுகிற செயற்கைக்கோளைப் பார்த்து நாம் நிற்கும் இடத்தை எண்ணாகக் காட்டும். செல்போன் அப்போதுதான் எல்லார் கைக்கும் வந்துகொண்டிருந்தது; அதில் பேச மட்டும்தான் முடியும். நீ மெஷினைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய்.

"நாம நிக்கிற எடத்தச் சொல்லுமா?"

"சொல்லும். போக வேண்டிய எடத்துக்கும் வழி காட்டுமாம்."

"அப்ப எனக்குக் குடு."

ஒரு வாரத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று இரண்டு பேரும் நம்பினோம். திரையைத் திறந்தால் நம் மாவட்டம் முழுக்க வெள்ளை. மதுரையிலிருந்து திருநெல்வேலிக்குப் போகும் பெரிய ரோடு ஒரு கோடு. விருதுநகருக்கு ஒரு புள்ளி, சாத்தூருக்கு ஒரு புள்ளி. சிவகாசி இல்லை. "ஊரு பூராவும் நம்ம வெடியத்தான் வெடிக்காக. நம்ம பேரப் போடணும்னு ஒருத்தருக்கும் தோணலையே" என்று சிரித்தாய்.

முதல் தடவை ஒரு வீட்டுக்குக் கேட்டுக் கேட்டுப் போவாய். வாசலில் நின்று பொத்தானை அமுக்கி இடத்தைப் பதிவு செய்வாய். அந்த எண்களை நோட்டிலும் எழுதிக்கொள்வாய். கடையில் நான் ஒரு நாளைக்குப் போக வேண்டிய ஏழு வீடுகளைக் கம்ப்யூட்டரில் வரிசைப்படுத்தி, வயரைச் செருகி மெஷினுக்கு அனுப்ப வேண்டும். பாதி போய்க்கொண்டிருக்கும்போது கரண்ட் போகும். திரும்ப முதலிலிருந்து. ஒரு வீட்டுக்கு ஆறு ஆங்கில எழுத்துக்கு மேல் பெயர் வைக்க அந்த மெஷின் விடாது. முத்துமாடசாமியும் முத்துமணியும் முத்துமாலையும் ஒரே ஆறு எழுத்தில் வந்து நின்றார்கள். "பேருல முத்து இல்லாத ஒரு பேஷண்ட் குடு" என்று உன்னிடம் சண்டை போட்டேன்.

கம்ப்யூட்டரில் பார்த்தால் வழி அழகாக இருக்கும். ரோட்டில் இறங்கினால் மெஷின் ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு நேர்கோடு இழுத்து வைத்திருக்கும். நடுவில் கண்மாய் இருக்கிறதா, சீமைக்கருவேலங்காடு இருக்கிறதா என்ற கவலை அதற்கு இல்லை. முதல் நாளே உன்னை ஒரு பட்டாசு கம்பெனியின் வேலிக்குள் கொண்டுபோய் விட்டது. வாட்ச்மேன் ஓடி வந்திருக்கிறார்.

"யக்கா, வண்டிய அமத்துங்க. உள்ள மருந்து காயுது. அந்த டப்பாவையும் அமத்துங்க."

நீ இரண்டையும் அணைத்துவிட்டு, வெயிலில் பைக்கை அரை மைல் தள்ளிக்கொண்டே வெளியே வந்திருக்கிறாய். அதை எனக்குச் சொல்லும்போது உனக்கு அவர் மேல் ஒரு வருத்தமும் இல்லை. "அந்த ஆளு செஞ்சது சரி நூரு. எஞ்சின் சூடா இருந்துச்சு, எனக்குல்ல தோணியிருக்கணும்" என்றாய்.

இன்னொரு நாள் இரண்டாவது வீட்டுக்காரர் இருக்கன்குடிக்கு நேர்த்திக்கடன் செலுத்தப் போயிருந்தார். நீ அடுத்த வீட்டுக்குக் கிளம்பினாய். மெஷின் கிளம்பவில்லை. அங்கே போய்த் தொடாமல் அடுத்ததைக் காட்ட மாட்டேன் என்று அடம்பிடித்தது. "ஏழாவது வீட்டு வாசல்ல நிக்கும்போதும் ரெண்டாவது வீட்டுக்குப் போ போன்னு அம்பு காட்டுது. எங்க ஹாஸ்டல் வார்டன் கூட இம்புட்டுப் பிடிவாதம் பிடிச்சதில்ல." மேடுபள்ளத்தில் வண்டி குதித்தால் பேட்டரி விலகித் திரை அணைந்துவிடும், அதற்கு நீ கட்டுத்துணியை மடித்து உள்ளே சொருகினாய். சேமிக்கும் இடம் நிறைந்தால் பழைய வழித்தடத்தை அது தானே அழித்துக்கொண்டு வரும். அதற்காக இரண்டு நாளைக்கு ஒரு முறை கடைக்கு வந்து கம்ப்யூட்டரில் இறக்கினாய்.

நானாக இருந்தால் அதைக் கண்மாயில் வீசியிருப்பேன். நீ ஒவ்வொரு சனிக்கிழமை சாயங்காலமும் அந்த வாரம் மெஷின் செய்த தப்புகளை எழுதிக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தாய். கோபப்படவே மாட்டாயா என்று ஒரு தடவை கேட்டதற்கு, "கோவப்பட்டா அடுத்த வீட்டுக்கு லேட்டாகுது" என்றாய். உன் வழித்தடங்களை நான் ஒன்றன்மேல் ஒன்றாகக் கம்ப்யூட்டரில் வைத்துக்கொண்டே வந்தேன். ஆறு மாதத்தில் அந்த வெள்ளைத் திரையில் சாத்தூருக்கும் சிவகாசிக்கும் ஏழாயிரம்பண்ணைக்கும் நடுவே நரம்பு ஓடுகிற மாதிரி கோடுகள் வந்துவிட்டன. அத்தனையும் நீ ஓட்டியவை. அடுத்த லீவில் வந்த என் தம்பி அதைப் பார்த்துவிட்டு, இணையத்தில் வரைபடம் வரைகிறவர்கள் யாருக்கோ அனுப்பினான். அது அவர்களுக்குப் பயன்பட்டதா என்று எனக்குத் தெரியாது.

இப்போது முத்துமாரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். உனக்குத் தெரிந்ததுதான். ஆனால் அன்றைக்கு என் மனதில் என்ன ஓடியது என்று உன்னிடம் சொன்னதே இல்லை.

அவளுக்கு இருபத்து மூன்று வயது. தீபாவளி சீசனில் கம்பெனியில் நடந்த விபத்தில் இரண்டு கையும் வெந்து வந்தவள். வீட்டில் பால் குடிக்கிற பிள்ளை இருந்ததால் வார்டில் இருக்க மாட்டேன் என்று பிடிவாதமாகக் கிளம்பிவிட்டாள். ஒரு முறை கூடத் தவறாமல் வீட்டுக்கு வந்து கட்டு மாற்றுகிறேன் என்று நீ வாக்குக் கொடுத்துத்தான் டாக்டரைச் சம்மதிக்க வைத்தாய். ஆம்புலன்ஸ் அவளை வீட்டில் விடப் போனபோது டிரைவரிடம் மெஷினைக் கொடுத்து அனுப்பி, அவள் வீட்டு இடத்தைப் பதியச் சொன்னாய். திரும்பி வந்ததும் எண்களை நோட்டில் எழுதிக்கொண்டாய்.

அன்று சாயங்காலமே மெஷின் உறைந்து நின்றுவிட்டது. எந்தப் பொத்தானுக்கும் அசையவில்லை. எல்லாவற்றையும் அழித்துவிட்டு உன் நோட்டைப் பார்த்து நாற்பது வீடுகளின் எண்களையும் நான் புதிதாக அடித்தேன். கரண்ட் போகிற நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. வேகமாக அடித்தேன். சரிபார்க்கவில்லை.

இரண்டு நாள் கழித்து, மதியத்துக்கு மேல் நீ அவள் வீட்டுக்குக் கிளம்பினாய். தூறல். மெஷின் காட்டியபடி ஊருக்கு முன்னாலேயே திரும்பி, ஒரு ஓடையில் இறங்கி ஏறி, மக்காச்சோளக் காட்டுக்கு நடுவே போனாய். அம்பு நின்ற இடத்தில் பூட்டிக் கிடந்த ஒரு பம்ப்செட் ரூம். வீடு பக்கத்தில்தான் இருக்க வேண்டும் என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தாய். போனில் டவர் இல்லை. மழை வலுத்தது. திரும்பி வந்தால் ஓடையில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, கலங்கலாக, முழங்காலுக்கு மேலே.

அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் கேட்டாராம், "எங்க போகணும் தாயி?"

"முத்துமாரி வீட்டுக்கு. பட்டாசு கம்பெனியில கை வெந்த புள்ள."

"அது ஓடைக்கு அந்தப் பக்கம், காலனில இருக்கு. இங்கன எதுக்கு வந்தீக?"

பைக்கைப் பம்ப்செட் ஓரமாக நிறுத்தினாய். கட்டுப் பெட்டியைத் துண்டால் தலையில் கட்டிக்கொண்டாய். பெரியவர் கம்பை ஊன்றி ஆழம் பார்த்துக்கொண்டே முன்னால் போக, அவருடைய துண்டின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நீ பின்னால் போனாய். வெளிச்சம் மங்குவதற்குள் அவள் வீட்டில் இருந்தாய்.

மறுநாள் காலையில் கடைக்கு வந்து நோட்டை என் முன்னால் திறந்து வைத்தாய். "இந்த நம்பர வாசி." வாசித்தேன். "இப்ப கம்ப்யூட்டர்ல இருக்குறத வாசி." பாதியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. ஒன்று இரண்டு என்று வர வேண்டிய இடத்தில் இரண்டு ஒன்று என்று அடித்திருந்தேன். அந்த இரண்டு எண்கள் இடம் மாறியதில் அவள் வீடு ஒரு கிலோமீட்டர் தள்ளி ஓடைக்கு அக்கரையில் போய் விழுந்துவிட்டது.

என்ன நடந்தது என்று நீ சொல்லச் சொல்ல எனக்கு அழுகை வந்துவிட்டது. தண்ணீர் இன்னும் ஒரு அடி ஏறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அதன் பிறகு பல நாள் நினைத்திருக்கிறேன். நீ திட்டுவாய் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் போல இருந்தது.

"அழுகாத. கடையப் பூட்டு. எங்கூட வா" என்றாய்.

ஆஸ்பத்திரி உனக்குக் கொடுத்திருந்த வண்டி இன்னும் அக்கரையில் நின்றது. உன் அண்ணனின் வண்டியில் என்னை ஏற்றிக்கொண்டு போனாய். முத்துமாரியின் வீட்டு நடையில் அவள் மாமியார் பிள்ளையை மடியில் வைத்திருந்தார். முத்துமாரி இரண்டு கையையும் தலையணை மேல் வைத்துச் சுவரில் சாய்ந்திருந்தாள்.

"வாங்கக்கா. இன்னைக்கும் வந்திருக்கீகளே?"

"நேத்து அவசரத்துல போட்டது. இன்னைக்கு ஒழுங்காப் பாத்துருவோம். இவ நூரு. மெஷினுக்கு நம்பர் போடுறது இவதான்."

அவ்வளவுதான் சொன்னாய். மீதியை நான் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. "நேத்து இவ லேட்டா வந்ததுக்கு நான்தாம்மா காரணம். நம்பர மாத்தி அடிச்சுட்டேன்."

முத்துமாரி என்னைப் பார்த்தாள். "இருட்டப் போகுது, இனிமே எங்க வரப் போறாகன்னு எங்க அத்தை வாசக்கதவச் சாத்தப் போனாக. நான்தான் தெறந்தே கெடக்கட்டும்னேன்."

"வருவாங்கன்னு எப்படித் தெரியும்?"

"ஆஸ்பத்திரில சொன்னாகள்ல, வாரேன்னு."

பிறகு நீ கையைக் கழுவினாய். பெட்டியைத் திறந்தாய். கட்டின் முனையைத் தொட்டுக்கொண்டு, "ஆரம்பிக்கட்டுமா?" என்று அவளைக் கேட்டாய். நீ காத்திருந்தாய். அன்றைக்கு உனக்கு இன்னும் ஆறு வீடு இருந்தது. வரிசை போட்டவள் நான், எனக்குத் தெரியும். வெளியே மழை மூட்டம். நீ அசையவில்லை, கடிகாரத்தைப் பார்க்கவில்லை. கடைசியில் அவள் சேலை முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டு தலையை ஆட்டினாள். அதன் பிறகுதான் முதல் சுற்றைப் பிரித்தாய். ஒட்டிய துணியை உப்புத் தண்ணீர் விட்டு விட்டு எடுத்தாய். ஒவ்வொரு விரலாகத் தனித்தனியே சுற்றினாய். "மடக்கு. இன்னும் கொஞ்சம். போதும். இப்ப நீட்டு." அவள் பிள்ளையைப் பார்த்துக்கொண்டே நீட்டினாள்.

நான் அதுவரை அவளை ஆறு எழுத்தாகத்தான் பார்த்திருந்தேன்.

திரும்பி வரும்போது வழியில் டீக்கடையில் நிறுத்தினாய். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். நீ முந்திக்கொண்டாய். "தப்புல பாதி என்னோடது நூரு. நேத்து ஓடைக்கு இந்தப் பக்கமே ஒரு பொம்பள விறகு பொறுக்கிக்கிட்டிருந்தா. முன்னெல்லாம்னா நின்னு கேட்டிருப்பேன். இப்பல்லாம் மெஷின்ல வீடு இருந்துட்டா யாரையும் கேக்குறதே இல்ல." டீயை ஒரு வாய் குடித்துவிட்டுச் சொன்னாய், "இனிமே நீ வழி போட வேண்டாம். வீடு எங்கன இருக்குன்னு மட்டும் போடு. எந்தப் பக்கமாப் போறதுன்னு நான் கேட்டுப் போய்க்கிறேன். நம்பர் அடிச்சா மட்டும் ஒராளு வாசிக்கணும், ஒராளு பாக்கணும்."

ஒரு வருஷமாக நாம் மண்டையை உடைத்துக்கொண்டிருந்த சிக்கல் அந்த டீக்கடையில் தீர்ந்தது. வீடுகளை மட்டும் புள்ளிகளாக வைத்துக்கொண்டு வரிசையைத் தூக்கிவிட்டோம். யாராவது வீட்டில் இல்லையென்றால் மெஷின் அடம்பிடிக்கவில்லை. ஓடையில் தண்ணீர் என்றால் ஊரார் சொன்ன வழியில் சுற்றிப் போனாய். சேர வேண்டிய இடம் எந்தத் திக்கில், எவ்வளவு தூரம் என்று மட்டும் அம்பு சொன்னது. மெஷினிடம் எதைக் கேட்க வேண்டும், மனிதரிடம் எதைக் கேட்க வேண்டும் என்று அவ்வளவு சீக்கிரம் பிரித்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை. ஓடையில் இடுப்பு நனைந்து வந்த மறுநாளே உனக்குத் தெரிந்தது.

மாசி மாதம் முடிவதற்குள் முத்துமாரியின் வலது கை விரல்கள் முழுக்க நீண்டுவிட்டன. இடது கையில் சுண்டுவிரல் மட்டும் கடைசி வரை வளைந்தே இருந்தது. அதற்காக நீ உன்னையே நொந்துகொண்டாய். ஒரு சனிக்கிழமை உன் நோட்டைப் புரட்டினேன். மெஷினின் தப்புகளுக்கு நடுவே ஒரே ஒரு வரி: "முத்துமாரி பிள்ளையை இடுப்பில் தூக்கினாள்." நான் தலை நிமிர்ந்தபோது நீ ஜெராக்ஸ் மெஷினைப் பார்த்துக்கொண்டு நின்றாய். உன் கண் சிவந்திருந்தது.

கட்டு மாற்ற வராமல் நின்றுபோகிறவர்கள் அதன் பிறகு அநேகமாக இல்லை. ஆஸ்பத்திரியில் இன்னும் இரண்டு நர்சுகளுக்கு வண்டி கொடுத்தார்கள். மஞ்சள் மெஷின் ஒரு கோடையில் திரை கருத்துச் செத்துப்போனது. நீ வீடு வீடாகப் போவதை நிறுத்தவில்லை, உன் சிறுநீரகம் உன்னை நிறுத்தும் வரைக்கும்.

கடைசியாக உன்னை மதுரை ஆஸ்பத்திரியில் பார்த்தேன். கட்டிலில் நீ அவ்வளவு சின்னதாகத் தெரிந்தாய். எப்படி இருக்கே என்று கேட்டேன். நீ என்னைத் திருப்பிக் கேட்டாய்.

"எந்த வழியா வந்த?"

"அருப்புக்கோட்டை, காரியாபட்டி வழியா. பெரிய ரோட்டுல ஏதோ லாரி கவுந்து கெடக்குன்னு பஸ்ஸ இப்படித் திருப்பிட்டாங்க."

நீ கண்ணை மூடிக்கொண்டாய். "காரியாபட்டி பக்கம் ரோட்டு வேலை முடிஞ்சிருச்சா?"

"இன்னும் இல்ல. ஒரு பக்கம் தோண்டிப் போட்டிருக்காங்க."

"புளியமரம்?"

"பாதிய வெட்டிட்டாங்க."

"ம். சொல்லு."

சொன்னேன். எந்தக் கண்மாயில் தண்ணீர் இருந்தது, எங்கே புதிதாக டீக்கடை வந்திருக்கிறது, எந்தத் திருப்பத்தில் டிரைவர் பிரேக்கை அழுத்தினார், மல்லிகைத் தோட்டம் எங்கிருந்து தொடங்கியது, எல்லாவற்றையும். போர்வைக்கு மேலே இருந்த உன் வலது கை, நான் திருப்பங்களைச் சொன்னபோது பைக்கின் கைப்பிடியைப் பிடித்திருப்பது போல லேசாக முறுக்கிக் கொடுத்தது. ரிங் ரோடு வரைக்கும் கொண்டுவந்து சேர்த்தேன். நீ சிரித்த முகத்தோடு தூங்கிப்போனாய். நான்கு நாள் கழித்து உன் அண்ணன் போன் செய்தார்.

அன்றிலிருந்து, நோயில் கிடக்கிறவர்களைப் பார்க்கப் போனால் எப்படி இருக்கீங்க என்று நான் கேட்பதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, வந்த வழியைச் சொல்கிறேன். விருதுநகரில் என் மாமி மூன்று வருஷமாகப் படுக்கையை விட்டு எழுந்ததில்லை. போன மாதம் போயிருந்தேன். சாத்தூரில் பஸ் ஏறியதிலிருந்து தொடங்கினேன். பாதி வழியில் அவருக்கு அசதியாக இருக்குமோ என்று நினைத்து, இரண்டு ஊரைத் தாண்டிக் குதித்துச் சொன்னேன்.

மாமி கண்ணைத் திறக்காமலே என் கையைப் பிடித்தார். "நடுவுல என்னத்தையோ விட்டுட்டியே. மெதுவாச் சொல்லு."